முகம் திருப்பியவர்

குடல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தணிகாசலத்தின் வயிற்றில் ஒரு பை ஒட்டியிருந்தது. இனி மலம் அதில்தான் சேரும். அதை மாற்றச் சொல்லிக்கொடுக்க நர்ஸ் ரெஜினா வரும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

"ஐயா, வீட்டுக்குப் போனா இத யாரு மாத்துவா?"

ஒவ்வொரு முறையும் கேட்பாள். அன்று மத்தியானமும் அதையே கேட்டவள், களைத்துப்போய்க் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் சத்தமே இல்லை. அவர் கண்ணைத் திறந்தார். கையுறை மாட்டிய கைகள் மடியில் கிடக்க, அவள் உட்கார்ந்தவாக்கில் தூங்கிப்போயிருந்தாள்.

எழுப்ப மனம் வரவில்லை. பை நிரம்பிக் கனத்தது. தணிகாசலம் சட்டையைத் தூக்கி, பையை மெல்ல உரித்து, முதன்முறையாகக் குனிந்து பார்த்தார். சிவப்பாக, ஈரமாக, அவருடைய குடலின் நுனி லேசாக அசைந்தது. விரலால் தொட்டார்.

"வலிக்கவே இல்லம்மா," என்றார், அவள் விழித்துவிடாத குரலில்.