காயா ரொட்டியும் மிஸ்டர் கூவும்

"நீங்கதானே மிஸ்டர் கூ? நீலச் சட்டை போட்டிருப்பார்னு என் பொண்ணு சொன்னா."

கோப்பிக்கடை மேசையில் விரித்திருந்த செய்தித்தாளிலிருந்து பூன் தெய்க் தலையை நிமிர்த்தினார். எதிரே ஒரு பெண்மணி சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி, சிரிப்பை அடக்கி வைத்திருப்பது போன்ற முகம்.

அவர் போட்டிருந்தது நீலச் சட்டைதான். ஆனால் அவர் கூ இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்ததென்னவோ வேறு.

"உக்காருங்க."

அந்த அம்மாள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "நான் கிம் லியன். ஈப்போலேருந்து காலை ரயில்ல வந்தேன். இந்த வயசுல மாப்பிள்ளை பாக்க வந்திருக்கேன்னு யார்கிட்டயாவது சொன்னா சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்" என்றார் பூன் தெய்க். மனைவி போன பிறகு அந்த எதிர் நாற்காலியில் அவருடைய செய்தித்தாள் மட்டும்தான் உட்கார்ந்து வந்தது. இன்று ஒரு ஆள் உட்கார்ந்ததும் மேசையே வேறு மாதிரி தெரிந்தது. ரெண்டு நிமிஷம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

கடை முதலாளி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் அவர் தவுக்கேதான். "அதிசயமா இருக்கே. என்னய்யா பூன்..."

"ரெண்டு பேருக்கும் காயா ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை" என்று அவசரமாக வெட்டினார் பூன் தெய்க். "சீக்கிரம் தவுக்கே, இவங்க மழைல வந்திருக்காங்க."

தவுக்கே இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே போனார்.

"முட்டையா?" கிம் லியன் புருவத்தைத் தூக்கினார். "நான் ஆஸ்பத்திரி நர்ஸ். சரியா வேகாத முட்டையைத் தொடாதேன்னு சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆனவ. ஒரு நாளும் வாயில வெச்சதில்ல. வீட்ல பொண்ணு ஓட்ஸ் கஞ்சிதான் ஊத்துறா."

"இங்க ஒரு தடவை வெச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா உங்களுதையும் நானே சாப்பிடறேன்."

முட்டைகள் வந்தன. பூன் தெய்க் ஒன்றைத் தட்டி, ஓடு விழாமல் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினார். மஞ்சள் கரு உடையாமல் ததும்பியது. அதன்மேல் கறுப்பு சோயா சாறு, வெள்ளை மிளகுத்தூள். "கலக்கி, அப்படியே கிண்ணத்தோட உறிஞ்சணும். யாரும் பாக்க மாட்டாங்க."

கிம் லியன் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"எத்தனை பேரை இதைத் தின்ன விடாம தடுத்திருக்கேன்" என்றார் மெதுவாக.

ரொட்டியைக் கடித்தார். கரி அடுப்பில் வாட்டியது, அப்பளம் போல நொறுங்கியது. உள்ளே சில்லென்ற வெண்ணெயும், தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய காயாவும் ஒன்றாகக் கரைந்தன. அந்த முகம் மலர்வதைப் பார்க்கப் பார்க்க, பூன் தெய்க்குக்கும் அந்த ரொட்டி புதிதாக ருசித்தது.

"உங்களுக்கு ரெண்டு கடை இருக்காமே? பொண்ணு சொன்னா."

"கடை எல்லாம் இல்லீங்க. ஸ்கூல் பஸ் ஓட்டிட்டு இருந்தேன். இப்போ ஏரிக்கரையில நடக்கறதும் இங்க வந்து உக்கார்றதும்தான் வேலை."

"அப்படியா" என்றார் கிம் லியன். அதற்கு மேல் கேட்கவில்லை.

பெயர் ஒன்றைத் தவிர அவர் எதையும் மறைக்கவில்லை. பஸ்ஸில் வாந்தியெடுத்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார், மனைவி கடைசியாகப் படுத்த படுக்கையைப் பற்றியும் சொன்னார். கிம் லியன் பாதிச் சிரிப்பும் பாதி ஈரக் கண்ணுமாகக் கேட்டார். நடுவில் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்துப் பைக்குள் போட்டார்.

அப்போதுதான் பூன் தெய்க் கவனித்தார். வாசலை ஒட்டிய மேசையில் இன்னொரு நீலச் சட்டை. சாயம் பூசிய தலை, பளபளக்கும் கடிகாரம். அந்த மனிதர் கைப்பேசியைப் பார்ப்பதும் மழையைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் பணத்தை மேசையில் வீசிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

பூன் தெய்க் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார். இந்த நல்ல மனுஷிக்கு வரவிருந்த ஒரு வாழ்க்கையைத் தன் தனிமைக்காகத் திருடிவிட்டோமோ? ரெண்டு கடைக்காரர் எங்கே, பென்ஷன்கூட இல்லாத பஸ் டிரைவர் எங்கே.

"என்னை மன்னிக்கணும்" என்றார். "நான் கூ இல்ல. என் பேரு பூன் தெய்க். நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும். எழுந்து போயிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. அவர் இப்பதான் வெளிய போறார், சந்தைப் பக்கம். ஓடிப் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?"

கிம் லியன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"உக்காருங்க. மழைல எங்க ஓடறீங்க?" என்றார். "அவர் போட்டோவைப் பொண்ணு எனக்கு நேத்தே அனுப்பிட்டா."

பாதி எழுந்த பூன் தெய்க் அப்படியே நின்றார். "அப்போ தெரிஞ்சேதான் இங்க வந்து உக்காந்தீங்களா?"

"வாசல்ல நின்னு குடையை மடக்கிட்டு இருந்தேன். கோப்பி மாறி வந்துடுச்சுன்னு அவர் இங்க வேலை பாக்கற பொண்ணைத் திட்டி அழ வெச்சிட்டிருந்தார்" என்றார் கிம் லியன். "அவருக்குப் போகவேண்டிய கோப்பி உங்ககிட்ட வந்திருந்தும், நீங்க ஒரு வார்த்தை குறை சொல்லாம அதையே குடிச்சிட்டிருந்தீங்க."