வெறும் சங்கிலி

“வெள்ளைக் கோட்டைக் கண்டாலே இவனுக்கு ஆகாதுங்க. பழைய டாக்டர் கையையே பதம் பார்த்துட்டான். இன்னைக்குத் தடுப்பூசி. புது டாக்டர் என்ன பாடு படப்போறாரோ!” என்றாள் நாயோடு காத்திருந்தவள்.

பக்கத்தில் வெறும் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தவர், “என் நாயை உள்ளே கூட்டிட்டுப் போயிருக்காங்கம்மா” என்றபடி நாய்க்குப் பிஸ்கட் நீட்டினார், கழுத்தைச் சொறிந்துவிட்டார். நாய் சொக்கிப்போனது.

“அந்த டாக்டருக்கும் உங்களை மாதிரி கை அமைஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்!”

“ஊசி போட்டாச்சும்மா, கிளம்புங்க” என்று கிசுகிசுத்தார் அவர். ஒரு கையில் காலி ஊசி இருந்தது. மறு கையை நாய் நக்கிக்கொண்டிருந்தது.

அவள் நாயைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அப்போது உறுமும் நாயை இழுத்துக்கொண்டு வந்த ஒருவர், “டாக்டர் இருக்காரா?” என்று கேட்டார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “இதோ வந்துடுவாருங்க. அதுவரைக்கும் இவர் பக்கத்துல உட்காருங்க.”