நாலு இலக்கம்

"நாலு இலக்கத்தை ஒழுங்கா வாசிக்கத் தெரியாதா உனக்கு?" என்று வகுப்பே சிரிக்கும்படி ஒருமுறை கணக்கு சார் என்னைக் கேட்டார். அன்றோடு பள்ளியை விட்டு அப்பாவின் டயர் கடைக்கு வந்துவிட்டேன்.

இன்று பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஒருவர் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை ரேஸ் டிராக்ல ஓட்டப்போறேன். மூலையில கிடக்கற நாலு டயர்லயும் பட்டன் கோடெல்லாம் தேயவே இல்லையே! எந்த வருஷம்?"

டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத்தை வாசித்தேன். "இருபத்திரண்டு, பூஜ்யம் ஒன்பது."

"இருபத்திரண்டா? அப்ப புதுசுதான். நாலையும் மாட்டு!"

மாட்டினேன். கார் சீறிக்கொண்டு போனது.

சாப்பிட்டுவிட்டு வந்த அப்பா மூலையைப் பார்த்தார். "ஊஞ்சல் கட்ட ஒதுக்கின டயரெல்லாம் எங்கேம்மா?"

"என் கணக்கு சார் மாட்டிட்டுப் போனார்."

"ஐயோ, அந்த டயர்ல இருபத்திரண்டுங்கறது தயாரிச்ச வாரம்மா! பூஜ்யம் ஒன்பதுதான் வருஷம், ரெண்டாயிரத்து ஒன்பது. கல்லா இறுகின ரப்பர், வளைவுல வழுக்கிடுமே! சொல்லலையா நீ?"

"நாலு இலக்கத்தையும் ஒழுங்கா வாசிச்சேன்ப்பா."

அப்பா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.