எச்சில் படுகிற இடம்

ரவிசங்கரின் பேரை முகமது யாசீன் அன்று வெட்டிய அழகைப் பார்த்தவர்கள், ஏதோ கல்யாணச் சீர்ப் பாத்திரம் என்றுதான் நினைத்திருப்பார்கள். எவர்சில்வர் டம்ளரைத் துணியால் துடைத்து, உளி முனையை ஊதி, 'ர'வில் தொடங்கி எழுத்து எழுத்தாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனான். சிம்மக்கல் பாத்திரக்கடை முதலாளி வீரணனே கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப வேண்டிய ஆளா என்று கேட்டார்.

"ஆமாண்ணே. அம்புட்டு வேண்டிய ஆளு," என்றான் யாசீன்.

பொய்யில்லை. மூன்று வருஷமாக அந்த ஆளை நினைக்காமல் யாசீன் ஒரு வாய்ச் சோறு இறக்கியதில்லை. கையில் கிடைத்தால் கழுத்தைத் திருகிவிடும் அளவுக்கு நினைத்திருக்கிறான்.

அப்போது யாசீன் ஒரு சொகுசுக் கப்பலில் சமையலறைப் பக்கம் வேலையில் இருந்தான். வேலையாட்கள் டீ குடித்துவிட்டு எறிகிற பிளாஸ்டிக் கப்பே தினம் மூட்டை மூட்டையாகச் சேரும். அவன் மட்டும் மதுரையிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் டம்ளரில்தான் குடிப்பான். பாத்திரங்களுக்குப் பேர் வெட்டும் தொழில் பார்த்த அவன் அத்தா, டம்ளரின் அடியில் மகன் பேரை வெட்டிக் கொடுத்திருந்தார். எச்சில் படுகிற இடத்தில் ஒருத்தர் பேர் இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

ஆளுக்கொரு டம்ளர், அதில் அவரவர் பேர், இனிமேல் பிளாஸ்டிக் கப்பே வேண்டாம் என்று கேப்டனிடம் யாசீன் ஒரு யோசனை சொன்னான். கேப்டனுக்குப் பிடித்துப்போய், அவனையே அதற்குப் பொறுப்பாகப் போடுவதாக இருந்தார். கப் வாங்கிப் போட்டுக் கமிஷன் பார்த்துவந்த ஸ்டோர் கீப்பர், வில்லாபுரத்து ரவிசங்கருக்கு முகம் சுண்டிவிட்டது.

அந்த வாரமே துறைமுக அதிகாரிகள் கப்பலில் சோதனை போட்டார்கள். கடலில் பிளாஸ்டிக் கொட்டுவது பெரிய குற்றம். கீழ்த்தளத்து ஓரத்தில், கடலில் தள்ளிவிடத் தோதாக ஒரு கப் மூட்டை இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் மேலாகவே ஒரு எவர்சில்வர் டம்ளர். அதிலிருந்த தமிழை வாசிக்கச் சொல்லி கேப்டன் ரவிசங்கரைக் கூப்பிட்டார். மனுஷர் நாக்குக் கூசாமல் 'முகமது யாசீன்' என்று வாசித்தார்.

யாசீன் சொன்ன எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயிஷா சித்திகா வீட்டில் பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றது. அந்தக் கவலையில் படுத்த அத்தா எழுந்திருக்கவேயில்லை. அவருடைய உளியை எடுத்துக்கொண்டு யாசீன் வீரணன் கடை வாசலில் வந்து உட்கார்ந்தான்.

அன்றைக்கு அவனுக்காக அழுதுகொண்டே பெட்டி கட்டிக் கொடுத்தது, கப்பலில் ஒரே அறையில் தங்கியிருந்த கொட்டாம்பட்டி மலைச்சாமி ஒருத்தன்தான். நண்பன் சொன்ன யோசனை வீணாகக் கூடாது என்று கேப்டனிடம் அவன் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்தான். இப்போது அதற்குப் பொறுப்பாளனும் அவன்தான். லீவில் வந்தவன், அத்தனை டம்ளருக்கும் பேர் வெட்டுகிற வேலையை யாசீனுக்கே கொடுத்தான். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று யாசீனின் அம்மா அவனுக்காகத் துஆ செய்தாள்.

பழிவாங்கும் திட்டம் யாசீனுடையது. டம்ளர் எல்லாம் கப்பலுக்குப் போகும், ரவிசங்கரும் தன் டம்ளரில் கொஞ்ச நாள் ஆசையாகக் குடிப்பார். பயணிகள் பக்கம் இன்னும் பிளாஸ்டிக் கப்தான். ஒரு சோதனை நாளில் அந்தக் கப் மூட்டை ஒன்று அதே கீழ்த்தளத்து ஓரத்தில் அகப்படும். உள்ளே ரவிசங்கரின் டம்ளர் இருக்கும். அதை எடுத்து வைக்கும் வேலையை மலைச்சாமி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருந்தான்.

மத்தியானம் மலைச்சாமி ஆட்டோவில் வந்து இறங்கினான். வாய் ஓயாத ஆள். டம்ளர்களைப் பெட்டியில் அடுக்கும்போதே ரயில் டிக்கெட், வெயில், கப்பல் சாப்பாடு என்று பேசிக்கொண்டே இருந்தான். மற்றதெல்லாம் ஏற்றி முடித்த பிறகு, தனியாக எடுத்து வைத்திருந்த அந்த ஒரு டம்ளரை யாசீன் அவன் கையில் கொடுத்தான்.

"எல்லாருக்கும் அடியிலதான் வெட்டியிருக்கேன் மாப்ள. இந்தாளுக்கு மட்டும் வாய்ப்பக்கம். தினமும் அவன் பேருல அவன் எச்சிலே படட்டும்," என்றான் யாசீன். "நான் அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நின்னேன்ல, அதே மாதிரி அவனும் நிக்கணும்."

மலைச்சாமி அவன் தோளை அணைத்துக்கொண்டு, அந்த ஆள் வில்லாபுரத்தில் தலைகாட்ட முடியாதபடி தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். யாசீனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒருத்தன் நமக்கு இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டான்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த மலைச்சாமி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேலை சுலபமாகிவிட்ட நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது.

"நல்லவேளை வாய்ப்பக்கம் வெட்டுன மாப்ள, அன்னைக்கு உன்னோடதப் பேரு தெரியுற மாதிரி மூட்டையில கவுத்து வைக்க வேண்டியதாப் போச்சு."