கெஸ்ட் நெட்வொர்க்கில் ஒரு மாப்பிள்ளை

கோபிசெட்டிபாளையத்தில் ஃப்ரிட்ஜ்கூட ரவுட்டரைக் கேட்காமல் வாய் திறக்காத காலம் அது. மாமனார் வீட்டுக்குப் போன தனஞ்செயனை ரவுட்டர் பார்த்த உடனே கெஸ்ட் நெட்வொர்க்கில் உட்கார வைத்துவிட்டது. கெஸ்டுக்கு ஹால் ஃபேன் சுற்றும், சோபா சாய்ந்து கொடுக்கும். ஃப்ரிட்ஜ் மட்டும் திறக்காது. உள்ளே ஒரு தூக்கு நிறையப் பால்கோவா இருந்தது.

"மாமா, அந்த வீட்டு பாஸ்வேர்டு..." என்று இழுத்தான்.

"மாப்ளை நீங்க எதுக்குங்க எந்திரிக்கோணும்? கேளுங்க, கொண்டாரச் சொல்றேன்" என்றார் மாமனார் குழந்தைசாமி.

கேட்டு வாங்கி ஏற்கெனவே இரண்டு கிண்ணம் தின்றாயிற்று. மறுபடி கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. மனைவி மரகதத்திடம் ரகசியமாகக் கெஞ்சினான்.

"கெஸ்டாவே இருங்க. அதுதான் உங்களுக்கு மரியாதை" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, அவன் காதில் பாஸ்வேர்டைச் சொன்னாள்.

போட்டான். ரவுட்டர் கொஞ்சம் யோசித்தது. ஆள் மாப்பிள்ளை, இப்போது கெஸ்டும் இல்லை, வீட்டு நெட்வொர்க்கிலேயே இருக்கிறார். அப்படியானால் இவருக்கு என்ன பெயர்? வீட்டிலிருந்த அத்தனை ஸ்பீக்கரும் ஒரே குரலில் அறிவித்தன:

"தனஞ்செயன் இன்று முதல் வீட்டோட மாப்பிள்ளை."

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. தனஞ்செயன் குனிந்த தலையோடு ஃப்ரிட்ஜைத் தொட்டான். அதுவும் பாசமாகத் திறந்துகொண்டது. ஒரு வாய் அள்ளுவதற்குள் சமையலறையிலிருந்து கிரைண்டர் கூப்பிட்டது.

"நம்ம ஆளுதானே, வந்து மாவைத் தள்ளி விடுங்க."

"மாமா, என்னைப் பழையபடி கெஸ்ட்ல போட்டுருங்க" என்றான் அவன்.

குழந்தைசாமி சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அதுக்கென்ன, அப்பறம் பாக்கலாம். மாவு ஆனதும் துணியைக் காயப்போடுடா, மாப்ளே."