ஓட்டமாம் ஓட்டம்

"நாப்பத்தஞ்சு வயசுல ஓட்டமாம் ஓட்டம்! நம்ம மானத்தை வாங்கறதுக்குன்னே கிளம்பியிருக்கான் பாருங்க, மயில்சாமி."

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மரப்படி ஏறிப் போனால் ஐவியின் பிசியோதெரபி அறை. வெளி பெஞ்சில் லிங்கசாமி முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். வேட்டி, கறுப்புக் கோட்டு, கழுத்தில் மஃப்ளர். திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய மகன் கதிர். அவனுக்கும் கேட்கட்டும் என்பதுபோலத்தான் பேசினார்.

தோளில் ஒத்தடப் பையோடு பக்கத்தில் இருந்த மயில்சாமிக்கு மார்க்கெட்டில் இரும்புக்கடை. அவர் அண்ணன் மகனுக்குத்தான் கதிரின் மகள் ராஜப்ரியாவைப் பேசியிருந்தது. தை மாதம் உறுதி செய்வதாக ஏற்பாடு.

"உடுங்க மாமா. உங்க டீ ஃபேக்டரியை மூடியாச்சு. சும்மா இருக்கற மனுசன் ஓடிட்டுப் போறாரு."

"இலைக்கு விலை இல்ல, மூடினோம். அதுல தலைகுனிவு இல்லீங்க, மலை முழுக்க மூடியிருக்கு. எங்கப்பா நடந்து போனா வண்டிக்காரன் இறங்கி நிப்பான். அவரு பேரன் அரை டவுசர் போட்டுக்கிட்டு விடியாத முன்னே ரோட்டுல ஓடறானே, இதை எங்க போய்ச் சொல்ல?"

மயில்சாமி சிரித்தார். "ஒரு விதத்துல நல்லதுதானுங்க. ஃபேக்டரி போனாலும் கையில தெம்பு இருக்குன்னு நாலு பேர் பேசிக்கறாங்க. சோத்துக்கு இல்லாதவன் உடம்பு இளைக்கவா ஓடுவான்?"

லிங்கசாமி மஃப்ளரைச் சரி செய்துகொண்டார்.

திரைக்கு அந்தப் பக்கம் ஐவியின் குரல் கேட்டது. "ஒத்தக் கால்ல நில்லுங்க சார்."

ஏதோ தடுமாறும் சத்தம். கட்டில் நகர்ந்தது.

"பாத்தீங்களா? தசை அவ்வளவு களைச்சிருக்கு, அதான் பேலன்ஸ் நிக்கல. தோளும் கல்லு மாதிரி இருக்கு."

"கையை வீசி ஓடறனுங்க, அதுனாலதான். டேப்பை மட்டும் நல்லா இழுத்து ஒட்டி உடுங்க."

"இது வெறும் ஒட்டுத்துணி சார். ஒட்டினா யாரோ பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கும். களைப்பை எடுக்காது. ரெண்டு வாரம் ஓடாதீங்க. இப்படியே போனா எங்கயாவது விழுவீங்க, முட்டி போயிடும்."

"முடியாதுங்க."

"ஒரு வாரமாவது?"

"ஒரு நாள்கூட முடியாதுங்க."

லிங்கசாமி பெஞ்சிலிருந்தே குரல் கொடுத்தார். "கேட்டீங்களா மயில்சாமி? தொரை ஓடாட்டி நம்மூட்டுல உலை கொதிக்காதாக்கும்!"

மயில்சாமி குலுங்கிச் சிரித்தார். திரைக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் நறுக்கும் ஓசை கேட்டது.

ஒத்தடம் முடிந்து மயில்சாமி எழுந்தார். "வர்றேனுங்க மாமா. தையில ஊட்டுக்கே வந்தர்றோம்."

படிகளில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. லிங்கசாமி எழுந்து ஜன்னலுக்குப் போனார். மூடுபனியில் மயில்சாமி ரோட்டைக் கடந்து மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் திரையை விலக்கி உள்ளே வந்தார். 

கதிர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். இடது தொடையிலிருந்து முட்டிக்குக் கீழே வரை நீல டேப் ஒட்டியிருந்தது. முனை உரியாமலிருக்க அடுத்த துண்டின் ஓரத்தை ஐவி வளைத்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நீங்களாவது சொல்லுங்க. அவருக்கு ஓய்வு வேணும்."

"ஓய்வுக்கு வழியில்ல, அம்மிணி." அவர் குரல் வேறு யாருடையதோபோல இறங்கியிருந்தது. மகனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "தை வரைக்கும் விழாம இருந்தாப் போதும். வலது தோளுக்கும் ஒண்ணு ஒட்டி உடுங்க. விடியாத முன்னே போய் கோத்தகிரி ஃபேக்டரியில இலை மூட்டையைச் சுமந்துக்கிட்டு லாரிப் பலகையில இறங்கறப்ப, இவனுக்கு அந்தப் பக்கம்தான் சாயுது."

ஐவியின் கத்தரி நின்றது. கதிர் நிமிர்ந்தான். "அப்பா..."

மரப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது.

லிங்கசாமி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வெளியே வந்து திரையை மூடினார். முதுகு சாயாமல் பெஞ்சில் உட்கார்ந்து, ஏறி வருபவருக்கு நன்றாகக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"நாப்பத்தஞ்சு வயசுல ஓட்டமாம் ஓட்டம்!"