சந்தைக்கு இடம்

சுதந்திரம் வந்த மறு வருஷம், பெரம்பலூர் பஞ்சாயத்து போர்டில் வாரச்சந்தைக்கு இடம் முடிவானது. மெம்பர் வைரக்கண்ணு வருவதற்கு முன்பே செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி ஜெகதாம்பாள் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம கொல்லைக்கும் சின்னதுரை கொல்லைக்கும் ஓட்டு சரிபாதியாமே? கடைசி ஓட்டு உங்களுதாமே?"

"ஆமா. சின்னதுரை கொல்லைக்குத்தான் கை தூக்கினேன்."

"என்ன ஆச்சுங்க உங்களுக்கு? அவரு வாசப்படிய மிதிக்கமாட்டேன்னு ஊரைக் கூட்டிச் சத்தியம் பண்ணினது யாரு?"

"நாந்தான்."

"சந்தை வந்தா சுத்திலும் கடை கட்டலாம். வூடு தேடி வந்த லட்சுமியத் தூக்கி அந்த மனுஷங்கிட்டயா குடுப்பாங்க!"

வைரக்கண்ணு ஒரு சொம்புத் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"சத்தியம் வாசப்படிக்குத்தான், சந்தைக்கு இல்ல. வாராவாரம் நாம காய் வாங்கப் போனா யாரு என்ன கேக்க முடியும்? அவங்க வூடு நேர் எதுத்தாப்புலதான் இருக்கு. நம்ம பொண்ணு சுந்தராம்பாளைக் கண்ணாரப் பார்த்துட்டு வரலாம்."

ஜெகதாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சின்னதுரையின் மகனுக்குப் பெண்ணைக் கொடுத்த ஆறாம் மாதம் சம்பந்திகளுக்குள் மூண்ட சண்டை அது. அன்றிலிருந்து அவர்கள் மகளை அனுப்பவில்லை, இவர்கள் போகவில்லை. பேரனுக்கு நாலு வயதாகிவிட்டது. இன்னும் முகம் தெரியாது.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதச் சந்தை என்னைக்குங்க?"

"வர்ற செவ்வாக்கெழமை."

முழுசாக ஆறு நாள் இருந்தது. ஜெகதாம்பாள் அப்போதே எழுந்துபோய் அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டாள்.